நம் வீடியோ மீட்டிங்: சாவி யாரிடம் இருக்கிறது?

(காமயகவுண்டன்பட்டியில் நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் பொங்கலுக்குப் பின் நடந்த காலாண்டுக் கூட்டத்தில், சங்கத்தின் இணைச் செயலாளர் பேசியது. வர இயலாத உறுப்பினர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



லிஃப்ட் மோட்டார் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைப் பொருளாளர் பேசுவார். எனக்குக் கொடுத்திருக்கும் இருபது நிமிடத்தில், நாம் 2020 ஊரடங்கிலிருந்து நடத்திவரும் வீடியோ மீட்டிங்கைப் பற்றிப் பேசப்போகிறேன். முதலில் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் 24 வீடுகளில் 11 வீட்டு உரிமையாளர்கள் ஊரில் இல்லை. சென்னை, பெங்களூரு, திருப்பூர், துபாய் என்று இருக்கிறார்கள். இரண்டு பேர் திங்கட்கிழமை கம்பம்மெட்டு ஏறினால் சனிக்கிழமைதான் ஏலத்தோட்டத்திலிருந்து இறங்குகிறார்கள். ஆகவே வீடியோ மீட்டிங் இல்லாமல் நமக்குக் கோரம் சேராது. இதை நிறுத்தச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை.

போன வருஷம் ஒரு கூட்டத்தில் என்ன நடந்தது என்று சிலருக்குத் தெரியும். லிஃப்ட்டுக்கான சிறப்பு வசூலில் மூன்று தவணை பாக்கி வைத்திருந்த ஓர் உறுப்பினரிடம் காரணம் கேட்டோம். அவர் திராட்சை விவசாயி. கவாத்து வெட்டி நான்கு மாதம் காத்திருந்து, அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்து, பந்தலிலேயே பழம் வெடித்துவிட்டது. நம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது சந்தோஷம்தான். மழைக்கு அது தெரியாதே. பூச்சிமருந்துக் கடையில் எவ்வளவு பாக்கி, எந்த நகை எங்கே அடகில் இருக்கிறது, அடுத்த பந்தலின் பழம் எப்போது வரும் என்று எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொன்னார். நம்மிடம் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

ரெக்கார்டிங் பொத்தான் போட்டிருந்தது நான். வராதவர்கள் பார்க்கட்டும் என்று, இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்ற அமைப்பிலேயே விட்டு, அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நான். யாரோ ஒருவர் அதை வீட்டாருக்கு அனுப்ப, வீட்டார் இன்னொருவருக்கு அனுப்ப, நான்காம் நாள் பந்தலுக்கு வந்த வியாபாரி கேட்டிருக்கிறார்: "என்னண்ணே, லிஃப்ட்டுக்குக்கூடப் பணம் கட்ட முடியலையாமே?" அவசரம் தெரிந்த பிறகு எந்த வியாபாரி விலையை விடுவார்? கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைத்துக் கேட்டார். நம் ஆளும் கொடுத்துவிட்டார்.

அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாவதில் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டாம் என்றார். அண்ணே, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எந்தச் செயலியில் நடந்தது என்று சிலர் கேட்டார்கள். சொல்லமாட்டேன். அது செயலியின் குற்றம் இல்லை, என் குற்றம். ஆனால் அதற்குப் பிறகுதான், நாம் பேசுவது எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நமக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஓர் ஆறுதல், என்னைப் போல ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி போட்டது. ஆயிரக்கணக்கான ஸூம் பதிவுகள் இணையத்தில் திறந்து கிடக்கின்றன என்று. மனநல ஆலோசனை, சிறு நிறுவனங்களின் கணக்கு வழக்கு, பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பு என்று சகலமும் அதில் இருந்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. மீட்டிங் நடத்தியவர்களே பூட்டில்லாத இடங்களில் சேமித்து வைத்திருந்தார்கள். எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே மாதிரிப் பெயர் தானாக விழுந்ததால், அந்தப் பெயரைப் போட்டுத் தேடியவர்களுக்கு வரிசையாகக் கிடைத்தது.

அடுத்தது நிறுவனத்தின் பக்கம். 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு ஒரு கோடிப் பேர் ஸூம் கூட்டங்களில் இருந்தார்கள். 2020 மார்ச்சில் அது இருபது கோடி. அவ்வளவு பேரும் நம்பிச் சேர்ந்த அந்த நாட்களில், தங்கள் கூட்டங்கள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை என்று அந்த நிறுவனம் எழுதிவைத்திருந்தது. அது அப்படி இல்லை.

இதை நம் கேட்டை வைத்தே விளக்குகிறேன். ஒரு கடிதத்தை உறையில் ஒட்டி, எதிர் பிளாக்குக்குக் கொடுத்து அனுப்புகிறீர்கள். எதிர் பிளாக் ஆள் பிரிக்கும்வரை யாரும் பிரிக்க முடியாது என்றால் அதுதான் முனைக்கு முனை. இன்னொரு முறையில், வாட்ச்மேன் கேட்டில் உறையைப் பிரித்து வேறு உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறார். தெருவில் போகிறவன் படிக்க முடியாது, ஆனால் வாட்ச்மேன் நினைத்தால் படிக்கலாம். ஸூம் அன்று செய்தது இந்த இரண்டாவது, சொன்னது முதலாவது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2020 ஏப்ரலில் சோதித்துப் பார்த்தபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்தவர்களுக்கு இடையே நடந்த ஒரு பேச்சுக்கான சாவி பெய்ஜிங்கில் இருந்த ஒரு சர்வரிலிருந்து வந்தது. அதே மாதம் நம் மத்திய உள்துறை அமைச்சகம், அரசு அலுவலர்கள் அலுவல் வேலைக்கு ஸூமைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2020 நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு ஒரு சமரசம் ஆனது. அந்தப் புகாரில் ஒரு வரி என்னை நிறுத்தியது: சேமித்த பதிவுகளில் சில, 60 நாள் வரை மறையாக்கம் இல்லாமலேயே நிறுவனத்தின் சர்வரில் இருந்திருக்கின்றன.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து உண்மையான முனைக்கு முனை வசதியை ஸூம் கொடுக்கிறது. நாமே தேடிப்போய் இயக்க வேண்டும், இயக்கினால் சில வசதிகள் நின்றுவிடும், ஆனால் இருக்கிறது. பிறகு 2023 ஆகஸ்டில் இன்னொரு சத்தம். செயற்கை நுண்ணறிவைப் பழக்க வாடிக்கையாளரின் உள்ளடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று படிக்கும்படியான வாசகம் விதிமுறைகளில் இருந்ததைப் பலர் கண்டுபிடித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் அப்படிச் செய்யமாட்டோம் என்று திருத்தினார்கள். திருத்தியது நல்லது. நாம் 'சம்மதம்' அழுத்திய பிறகும் வாசகம் மாறும் என்பதை எனக்குக் காட்டியது அந்தச் சம்பவம்தான்.

இங்கே ஒரு சித்தப்பா போன தடவை கேட்டார்: "நம்மகிட்ட என்னப்பா ராணுவ ரகசியமா இருக்கு?" சித்தப்பா, நம் பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். யார் எவ்வளவு பாக்கி. எந்த வீடு எந்த மாதம் பூட்டியிருக்கும். மலைக்குப் போகிறவர்கள் என்றைக்குத் திரும்புவார்கள். எந்தக் கேமரா வேலை செய்யவில்லை. தனியாக இருக்கும் பாட்டிக்கு மாத்திரை கொடுக்க எத்தனை மணிக்கு ஆள் வரும். வாட்ச்மேன் சாப்பிடப் போகும் நேரம். ஒரு திருடன் நம் கூட்டத்தை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் அவனுக்கு வேறு வேலையே இல்லை.

சரி, மாற்று என்ன?

நம் பில்டர் கட்டடத்தை ஒப்படைத்த நாள் நினைவிருக்கிறதா? சாவி கொடுத்தார், பெயின்ட் டப்பா இரண்டு கொடுத்தார், பைப் லைன் வரைபடம் கொடுக்கவில்லை. இரண்டாம் மாடியில் கசிவு வந்தபோது சுவரில் ஐந்து இடத்தில் கொத்திப் பார்த்தோம். வரைபடம் இருந்தால் எந்த பிளம்பரும் பார்த்துச் சொல்லியிருப்பார். மூடிய மென்பொருள் என்பது வரைபடம் இல்லாத கட்டடம். உள்ளே எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பில்டர் சொல்வதை நம்ப வேண்டும். கட்டற்ற மென்பொருளில் மூலநிரல் முழுவதும் வெளியே இருக்கிறது. நீங்களும் நானும் அதைப் படிக்கப் போவதில்லை. ஆனால் படிக்கத் தெரிந்த மூன்றாம் மனிதர் ஒருவர் படிக்கலாம், சந்தேகத்தைச் சொல்லலாம், நாமே எடுத்து நம் சர்வரில் ஓட்டலாம். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்.

கட்டற்ற மென்பொருள் நமக்கு முற்றிலும் புதிது என்று நினைக்க வேண்டாம். அரசு கொடுத்த பள்ளி லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கியது. நம்மில் பாதிப் பேர் அதை அழித்துவிட்டுப் படம் ஏற்றிக்கொண்டோம், அது வேறு கதை.

வீடியோ மீட்டிங்குக்கு இந்த வகையில் அதிகம் புழங்குவது ஜிட்சி மீட். எமில் இவோவ் என்ற மாணவர் 2003-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி. பாடம் நடத்துவதற்கென்றே கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007-ல் தொடங்கிய பிக் புளூ பட்டன் இருக்கிறது. கரும்பலகை, குழு பிரிப்பு எல்லாம் உண்டு, ஆனால் சர்வர் கனமாக வேண்டும், நமக்குத் தேவையில்லை. ஐந்தாறு பேர் பேச சிக்னல் போதும். அது எப்போதும் முனைக்கு முனைதான், யாரும் எதையும் இயக்க வேண்டாம்.

நம் தமிழ்நாட்டிலேயே இதைப் பழக்கமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு தன் இணையக் கூட்டங்களை ஜிட்சியில்தான் நடத்துகிறது. 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் இணைய இதழைப் படித்தால் வழிகாட்டுதல் தமிழிலேயே கிடைக்கும். இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகம் ஒரு ஜிட்சி சர்வரை நன்கொடையில் நடத்திவருகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "ஸோஹோ நம்ம தமிழ்நாட்டு கம்பெனிதானே, தென்காசிப் பக்கம் ஆபீஸ் இருக்கே, அதுவே போதாதா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நம் நாட்டில் செய்தது என்பது ஒன்று, வரைபடம் வெளியே இருக்கிறது என்பது வேறொன்று. ஸோஹோ மூடிய மென்பொருள்தான். 2025 செப்டம்பரில் அரட்டை செயலியில் லட்சக்கணக்கானோர் குவிந்தபோது, அதில் அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. குமுளி ஏறினால் கேரளா; அங்கே சேர்த்தலாவில் இருக்கும் டெக்ஜென்சியா என்ற சிறு நிறுவனம், 2020-ல் மத்திய அரசு நடத்திய வீடியோ மென்பொருள் போட்டியில் ஏறத்தாழ 2000 விண்ணப்பங்களுக்கு நடுவே வென்று ஒரு கோடி ரூபாய் பரிசு வாங்கியது. வி-கன்சோல் அதன் பெயர். எனக்கும் அதில் பெருமைதான். பெருமையை வைத்துக்கொண்டு வாட்ச்மேன் உறையைப் பிரிக்கிறாரா என்று கேட்காமல் இருக்க முடியாது.

அதே கேள்வியை ஜிட்சியிடமும் கேட்க வேண்டும். பதில் உங்களுக்குப் பிடிக்காது. இரண்டு பேர் மட்டும் பேசினால் ஜிட்சியில் போன் போனோடு நேராகப் பேசிக்கொள்ளும். மூன்றாவது ஆள் வந்ததும் நடுவில் ஒரு சர்வர் வேண்டும்; இருபது பேர் படத்தை இருபது பேருக்கும் பிரித்து அனுப்ப வேறு வழியில்லை. அந்த சர்வர் உறையைப் பிரித்துத்தான் ஒட்டுகிறது. முனைக்கு முனை வசதி உண்டு, தனியாக இயக்க வேண்டும், எல்லா உலாவியிலும் வேலை செய்யாது. அப்படியென்றால் என்ன லாபம்? அந்த வாட்ச்மேன் யார் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம், அதுதான் லாபம். ஜிட்சியின் சொந்தப் பொதுத் தளத்தில்கூட 2023 ஆகஸ்டிலிருந்து கூட்டத்தைத் திறப்பவர் கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் கணக்கு ஒன்றில் நுழைந்தாக வேண்டும். நம் சர்வரிலோ சமூகத்தின் சர்வரிலோ அந்த நிர்ப்பந்தம் கிடையாது.

டிசம்பரில் மூன்று ஞாயிறு சோதித்தோம். முதல் ஞாயிறு சமூக சர்வரில். இணைப்பைத் தொட்டதும் செயலியை இறக்கச் சொன்னது. வேண்டாம் என்று உலாவியிலேயே தொடர்ந்தோம். பெயர் மட்டும் கேட்டது. மூன்றாம் மாடிப் பாட்டி, "போன் நம்பர் கேக்கலையே, உள்ள விட்டுருமா?" என்றார். விட்டது. நாற்பது நிமிடத்தில் துண்டிக்கவும் இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு போன் திறந்தவர்களால் எதிரொலி கிளம்பி முதல் பத்து நிமிடம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. மலையில் இருந்தவருக்குப் படம் உறைந்துபோனது. எல்லோரும் கேமராவை அணைத்த பிறகு குரல் தெளிவாக வந்தது.

இரண்டாம் ஞாயிறு சொந்த சர்வர். பொறியியல் படிக்கும் நம் குடியிருப்புப் பெண் ஒருத்தி வாடகைக்கு எடுத்து அமைத்தாள். சான்றிதழ் அமைப்பில் ஏதோ தவறி இருபது நிமிடம் யாராலும் நுழைய முடியவில்லை. துபாயிலிருந்து வந்தவர் தூங்கப் போய்விட்டார். மூன்றாம் ஞாயிறு அதே சர்வர் ஒழுங்காக ஓடியது. மாத வாடகை 1,500 முதல் 2,000 ரூபாய் வரை ஆகும். கூட்ட நாளில் மட்டும் ஓட்டினால் இன்னும் குறையும். ஆனால் மே மாதம் படிப்பு முடிந்து அந்தப் பெண் வேலைக்குப் போய்விட்டால் யார் பார்த்துக்கொள்வது? பூட்டுப் போடத் தெரியாதவன் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் ஆபத்து. ஆகவே, குறைந்தது இரண்டு பேர் கற்றுக்கொள்ளும்வரை சொந்த சர்வர் வேண்டாம் என்பது என் கருத்து. அதுவரை சமூக சர்வரைப் பயன்படுத்துவோம், வருஷத்துக்கு ஒரு தொகையை நன்கொடையாக அனுப்புவோம். இலவசம் என்று ஓசியில் ஓட்டக் கூடாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2023-ல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதத்தில் அமலுக்கு வருகின்றன. வீட்டு விஷயத்துக்காக ஒரு தனிமனிதர் வைத்திருக்கும் தரவுக்கு அதில் விலக்கு உண்டு. சங்கத்துக்கு அந்த விலக்கு இல்லை. பதிவு செய்த சங்கமோ செய்யாததோ, ஆட்கள் சேர்ந்த அமைப்பு அதன் வரையறைக்குள் வருகிறது. நம் உறுப்பினர் பட்டியல், பாக்கிப் பட்டியல், கேமரா பதிவு, கூட்டப் பதிவு எல்லாவற்றுக்கும் நாம் பொறுப்பு.

இப்போது முடிவுக்கு வைக்கும் விஷயங்கள். கூட்டத்தில் ரெக்கார்டிங் கிடையாது. வராதவர்களுக்கு நிர்வாகக் குழு பார்த்துக் கையெழுத்திட்ட குறிப்பு மட்டும். பாக்கி, உடல்நலம், குடும்ப விஷயம் எதுவும் வீடியோவில் வராது. அதைத் தலைவரும் பொருளாளரும் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய அறைப் பெயர், புதிய கடவுச்சொல். இணைப்பு குழுவில் போகட்டும், கடவுச்சொல் போனில் மட்டும். எல்லோரும் வந்ததும் அறையைப் பூட்டுவது என் வேலை. என்னிடம் இருந்த பழைய பதிவுகள் 14-ஐயும் பொருளாளர் முன்னிலையில் அழித்துவிட்டேன். யார் போனிலாவது பிரதி இருந்தால் நீங்களும் அழித்துவிடுங்கள். எவரும் இன்னொரு போனால் திரையைப் படம் எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதைத் தடுக்கும் மென்பொருள் ஜிட்சியிலும் இல்லை, எதிலும் இல்லை. அதனால்தான் முதல் இரண்டு விஷயங்களை மென்பொருளுக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

ஊரில் இல்லாத 11 வீட்டாரின் கருத்தைப் போனில் கேட்டோம். ஒன்பது பேர் சம்மதம். இருவர், பழைய செயலியே பழகிவிட்டது என்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒரு பழகும் கூட்டம் வைக்கிறோம். இங்கே இருப்பவர்களும் வரலாம். ஒரு வீட்டுக்கு ஒரு போன் மட்டும், தயவுசெய்து.

இனி லிஃப்ட் மோட்டார். பொருளாளரை அழைக்கிறேன்.